அமிகாசின் ஊசி: கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘எஸ்’ போட்டிருந்தால் போதுமா?

வேப்பமரம்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, எடை 62 கிலோ, நீண்ட நாள் சர்க்கரை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், இடுப்புக்கு மேலே வலது பக்கம் வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சிறுநீர் கல்ச்சரில் ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் வகை (பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் நொதி உள்ளது) என்று வந்திருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், ஜென்டாமைசின் எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’, அதாவது கிருமி அடங்காது. அமிகாசின், எர்டாபெனம், மெரோபெனம், ஃபாஸ்ஃபோமைசின் நான்குக்கும் ‘எஸ்’, அதாவது கிருமி அடங்கும். கிரியாட்டினின் 1.4.

டாக்டர் அமிகாசினைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 900 மில்லிகிராமை ஒரே தடவையில் டிரிப்ஸில் கலந்து ஏற்றினார்கள். அதைப் பார்த்த சித்தப்பா, “கிட்னியைப் பதம் பார்க்கும் ஊசி இது, அதையும் மொத்தமாக ஏற்றுகிறார்களே” என்று பயமுறுத்திவிட்டார். பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் உடம்பு தாங்காதா? ஜென்டாமைசின் வேலை செய்யாதபோது அதே குடும்பத்து அமிகாசின் மட்டும் எப்படி வேலை செய்யும்? ஃபாஸ்ஃபோமைசின் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் போதும் என்கிறார்களே, அது ஆகாதா?

டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது என்றுதான் இந்த இழை.

தராசு

ஆஸ்பத்திரி மருந்தாளர் நான். உங்கள் அப்பாவுக்கு இதைக் கொடுங்கள், அதைக் கொடுக்காதீர்கள் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி சுலபம். வாய்வழி ஃபாஸ்ஃபோமைசின் சிறுநீர்ப்பையில் நன்றாகச் சேரும், சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது. காய்ச்சலும் நடுக்கமும் பக்கவாட்டு வலியும் இருந்தால் தொற்று மேலே ஏறிவிட்டது என்று பொருள். அங்கே அந்தப் பொடியை நம்ப முடியாது.

இனி ஒரே தடவை விஷயம். பென்சிலின் வகை மருந்துகளுக்கு ரத்தத்தில் எவ்வளவு நேரம் மருந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் நாளுக்கு மூன்று, நான்கு தடவை கொடுக்கிறோம். அமிகாசினும் ஜென்டாமைசினும் சேர்ந்த அமினோகிளைக்கோசைடு குடும்பத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ரத்தத்தில் உச்ச அளவு எவ்வளவு உயரம் போகிறதோ அவ்வளவு வேகமாகக் கிருமி சாகும். கிருமியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு எம்ஐசி. உச்சம் அதைப்போல 8 முதல் 10 மடங்கு இருக்க வேண்டும். அப்புறம் மருந்து இறங்கிய பிறகும் மிஞ்சிய கிருமிகள் சில மணி நேரம் தலைதூக்காது. அந்த இடைவெளியை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறோம்.

சிறுநீரகத்துக்கும் ஒரே தடவைதான் நல்லது. சித்தப்பாவுக்கு இது நம்பும்படியாக இருக்காது, ஆனால் காரணம் இருக்கிறது. சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மெகாலின் என்ற ஏற்பி வழியாக இந்த மருந்தை உள்ளே இழுக்கின்றன. அந்த வழி ஒரு குறுகலான வாசல் மாதிரி: வெளியே ஆயிரம் பேர் நின்றாலும் ஒரு நேரத்தில் நுழைவது சிலர்தான். ஒரே டோஸில் உச்சம் பெரிதாக இருந்தாலும் செல்லுக்குள் அதே விகிதத்தில் மருந்து ஏறாது, மீதி சிறுநீரில் போய்விடும். பிரித்துக் கொடுத்தால் வாசலில் நாள் முழுக்கக் கூட்டம், செல்லுக்குள் வரத்து நிற்கவே நிற்காது. சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஐசியூ இரவு

தராசு சொன்னது சரி. நான் வேறு இடத்தில் கை வைக்கிறேன். வேப்பமரம், 900 மில்லிகிராமைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், 62 கிலோவுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 930, ஏறக்குறைய அதுதான் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது அடுத்த டோஸ் எப்போது என்பதை.

68 வயது, 62 கிலோ, கிரியாட்டினின் 1.4. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு 44 மி.லி. சொச்சம் வருகிறது. 1.4 என்பது பார்க்க ஏதோ கொஞ்சம் கூடுதல் மாதிரி இருக்கும், வயதையும் எடையையும் சேர்த்தால் சிறுநீரகம் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. இந்த நிலையில் 24 மணிக்கு ஒரு தடவை என்றால் முதல் டோஸ் வடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். பொதுவாக 40க்கும் 60க்கும் இடையில் இருப்பவர்களுக்கு இடைவெளியை 36 மணி நேரமாக்குவோம், அதற்கும் கீழே என்றால் 48. டோஸைக் குறைக்க மாட்டோம். இதைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: கிட்னி பலவீனம் என்று 900ஐ 500 ஆக்கி, தினமும் கொடுத்து, 10 நாள் இழுப்பார்கள். உச்சமும் கிடைக்காது, கீழ்மட்டமும் இறங்காது. கிருமியும் சாகாது, கிட்னியும் போகும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: அடுத்த டோஸ் எத்தனை மணிக்கு? அதற்கு முன் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்க லேபில் வசதி உண்டா? எத்தனை நாள் கொடுக்கத் திட்டம்? வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி எதையாவது கூடவே கொடுக்கிறார்களா? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். வலி மாத்திரை, வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், சி.டி. ஸ்கேனுக்குப் போடும் சாயம், உடம்பில் நீர்ச்சத்துக் குறைவு, இவற்றில் ஒன்று கூடச் சேர்ந்தால் அமிகாசின் சும்மா இருந்தாலும் சிறுநீரகம் சும்மா இருக்காது.

நுண்ணோக்கி

நுண்ணுயிரியல் லேபில் இருந்து. தலைப்பில் உள்ள கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லையே.

‘எஸ்’ போதாது. அந்த ‘எஸ்’ எந்த ஆண்டின் அட்டவணைப்படி போடப்பட்டது என்று கேட்க வேண்டும். லேப்களுக்கு இந்த எல்லைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. 2023இல் அவற்றை மாற்றியது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா குடும்பத்துக்கு முன்பு அமிகாசின் எம்ஐசி 16 வரை ‘எஸ்’. இப்போது 4 வரைதான். ஜென்டாமைசினும் டோப்ராமைசினும் 4இலிருந்து 2க்கு இறங்கின. தராசு சொன்ன 8 முதல் 10 மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஏன் இறக்கினார்கள் என்று புரியும். கிலோவுக்கு 15 மி.கி. கொடுத்தால் உச்சம் லிட்டருக்கு 40 முதல் 60 மி.கி. வரை போகும். எம்ஐசி 2 என்றால் இருபது மடங்குக்கு மேல், அமோகம். எம்ஐசி 16 என்றால் மூன்று மடங்கு தேறினால் பெரிது. இரண்டுக்கும் பழைய ரிப்போர்ட்டில் ஒரே எழுத்துதான்.

எல்லா லேபும் உடனே மாறிவிடவில்லை. கருவிக்குள் பழைய அட்டவணையே ஓடும் இடங்கள் உண்டு. தட்டில் 30 மைக்ரோகிராம் வில்லை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை அளக்கும் முறை என்றால் ரிப்போர்ட்டில் எண்ணே இருக்காது. அதனால் “எம்ஐசி எவ்வளவு?” என்று டாக்டர் மூலமாக ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நல்ல லேப் கோபித்துக்கொள்ளாது.

ஜென்டாமைசின் ‘ஆர்’, அமிகாசின் ‘எஸ்’ ஏன்? கிருமிகள் இந்த மருந்தை எதிர்க்கப் பெரும்பாலும் நொதிகளைப் பயன்படுத்துகின்றன. மருந்து மூலக்கூறில் குறிப்பிட்ட இடங்களில் அசிட்டைல் தொகுதியையோ பாஸ்பேட்டையோ கொண்டுபோய் ஒட்டிவிடும். ஒட்டிய மருந்து கிருமியின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் உட்காராது. அமிகாசின் என்பது கனாமைசினில் பக்கச் சங்கிலி ஒன்றைச் சேர்த்துச் செய்தது. அந்தச் சங்கிலி குறுக்கே நிற்பதால் பல நொதிகளுக்கு மருந்தைப் பிடிக்க இடம் கிடைப்பதில்லை. ஆனால் எல்லா நொதிகளுக்கும் அல்ல. அமிகாசினையும் டோப்ராமைசினையும் கெடுத்துவிட்டு ஜென்டாமைசினை விட்டுவைக்கும் நொதியும் இருக்கிறது. ஆகவே அமிகாசின் எப்போதும் ‘பெரிய அண்ணன்’ என்று நினைத்துவிடக் கூடாது.

கேள்விக்குறி

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் கேள்வி நேரானது. எர்டாபெனம் ‘எஸ்’, மெரோபெனம் ‘எஸ்’. சர்க்கரை நோயாளி, சிறுநீரகம் பாதி வேகம். இவருக்குப் போய் ஏன் அமினோகிளைக்கோசைடு? ஈஎஸ்பிஎல் கிருமியால் சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு, வாய்வழி மருந்துகள் வேலை செய்யாதபோது கார்பபெனம்தான் (எர்டாபெனம், மெரோபெனம் வகை) முதல் தேர்வு என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்க வழிகாட்டுதலே சொல்கிறது. அமினோகிளைக்கோசைடு அதில் மாற்று வழியாகத்தான் வருகிறது. 80 வருடப் பழைய மருந்துக் குடும்பத்தை எதற்குத் தூசி தட்டி எடுக்கிறோம்?

ஐசியூ இரவு

கேள்விக்குறி, நியாயமான கேள்வி. அதே வழிகாட்டுதல் சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்கு ஒரே ஒரு டோஸ் அமினோகிளைக்கோசைடு போதும் என்று சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடம்பில் இந்த மருந்து சிதைவதே இல்லை, அப்படியே சிறுநீரில் இறங்கிவிடும். அங்கே செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. சிறுநீர்த் தொற்றில் இது ஜெயிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

கார்பபெனம் பற்றி. இன்று ஈஎஸ்பிஎல் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் மெரோபெனம் ஏற்றினால் நாளை கார்பபெனமே வேலை செய்யாத கிளெப்சியெல்லாதான் வார்டு முழுக்க இருக்கும். உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் ஜென்டாமைசினும் அமிகாசினும் ‘தாராளமாகக் கிடைக்க வேண்டியவை’ வரிசையில், மெரோபெனம் ‘கண்காணிக்க வேண்டியவை’ வரிசையில். காரணமில்லாமல் அப்படிப் பிரிக்கவில்லை.

இந்த நோயாளிக்கு நானாக இருந்தால்? முதல் ஓரிரு டோஸ் அமிகாசின், ரத்தக் கல்ச்சரும் வந்ததும் எர்டாபெனத்துக்கு மாற்றம். தெரியாத கிருமியை முதல் நாளில் அடிப்பதில் இதற்கு ஈடு குறைவு. ஏழு நாள் முழுக்க இதையே ஓட்ட மாட்டேன்.

கேள்விக்குறி

“கூடவே சேர்த்து அடிப்போம்” என்ற பழக்கத்தையும் பேசிவிடலாம். ரத்தத்தில் தொற்று பரவியவர்களுக்கு பீட்டா-லாக்டமோடு (பென்சிலின், கார்பபெனம் போன்றவை) அமினோகிளைக்கோசைடும் சேர்த்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்களா என்று 64 ஆய்வுகளை, 7500க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து அலசி 2004இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் போட்டார்கள். உயிரிழப்பில் பலன் தெரியவில்லை. சிறுநீரகச் சேதம் மட்டும் கூடியது. 20 வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் பல வார்டுகளில் பழைய பாட்டுதான்.

நுண்ணோக்கி

அந்த அலசல் முக்கியமானது, மறுக்கவில்லை. ஆனால் அதில் இருந்த ஆய்வுகள் பல, பீட்டா-லாக்டம் மட்டுமே கொடுத்தாலும் கிருமி சாகும் என்ற காலத்தவை. சேர்த்துக் கொடுக்கும் பிரிவில் தினமும் பல தடவை பிரித்துக் கொடுத்தவையும் நிறைய. முதல் மருந்தே வேலை செய்யுமா என்று தெரியாத இடத்தில் கணக்கு வேறு. இரண்டாவது மருந்து இருந்தால் இரண்டில் ஒன்றாவது படும். கல்ச்சர் வந்த பிறகும் இரண்டையும் தொடர்வதற்கு மட்டும் எனக்கும் நியாயம் தெரியவில்லை.

சுழல்

இந்த இழையில் எல்லோரும் கிட்னி பற்றியே பேசுகிறீர்கள். கிட்னி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். திரும்பி வராததைப் பற்றி நான் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் இதய வால்வுத் தொற்றுக்காக எனக்குப் பல வாரம் ஜென்டாமைசின் கொடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை. கிரியாட்டினின் ஒழுங்காகப் பார்த்தார்கள், நார்மலாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து நடக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. நடக்கும்போது எதிரே உள்ள பெயர்ப்பலகை எழுத்துகள் குதிக்கும். நின்றால் நிற்கும், ஒரு அடி வைத்தால் மறுபடி குதிக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினால் முன்னால் சாய்ந்துவிடுவேன், ஒரு கை எப்போதும் சுவரில் இருக்கும். இருட்டில் நடக்கவே முடியாது.

காது கேட்கும் சோதனை செய்தார்கள், சரியாக இருந்தது. “எல்லாம் நார்மல், பலவீனம்தான்” என்று சொல்லி அனுப்பினார்கள். அப்புறம் வேறொரு காது மருத்துவர் தலையைப் பிடித்துச் சட்டென்று திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: உட்காதின் சமநிலைப் பகுதி இரண்டு பக்கமும் போய்விட்டது. சுற்றுவதில்லை, அதனால்தான் யாரும் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கெட்டால் உலகம் சுற்றும். இரண்டும் சமமாகக் கெட்டால் சுற்றாது, தள்ளாடும்.

யாராவது ஒருவர் முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் தள்ளாட்டத்திலேயே கேட்டிருப்பேன். அவ்வளவுதான் என் மனக்குறை.

தராசு

சுழல், எழுதியதற்கு நன்றி. இதைப் படிப்பவர்களுக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சமநிலைப் பகுதியை அதிகம் தாக்கும். அமிகாசின், கனாமைசின், நியோமைசின் கேட்கும் பகுதியை. காது நத்தைச்சுருளின் அடியில் உள்ள மயிர்ச்செல்கள் முதலில் சாகின்றன. அவை உச்ச ஸ்தாயி ஒலிக்கானவை. பேச்சு அதற்கும் கீழே இருப்பதால் நோயாளிக்கு ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்று அவர் சொல்லும்போது சேதம் கீழே இறங்கிவிட்டது. அந்தச் செல்கள் மனிதனுக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஊசி நிறுத்திய பிறகும் சில வாரம் சேதம் தொடரலாம்.

இன்னொன்று: ரத்தத்தில் மருந்தின் அளவைச் சரியாக வைத்திருந்தால் கிட்னியைப் பெருமளவு காப்பாற்றலாம். காதுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அளவு சரியாக இருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது. மொத்தம் எத்தனை நாள் கொடுத்தோம் என்பது அங்கே பெரிய விஷயம்.

வேப்பமரம்

பயம் குறையும் என்று வந்தேன், கூடிவிட்டது 🙂 ஆனாலும் எல்லோருக்கும் நன்றி. குடும்பத்தில் காது கேளாமை இருந்தால் இந்த ஊசி கூடாது என்று எங்கோ படித்தேன். அம்மாவின் அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே கேட்காது. அதைச் சொல்ல வேண்டுமா?

நுண்ணோக்கி

அம்மாவின் அண்ணன் உங்கள் அப்பாவுக்கு இந்த விஷயத்தில் சம்பந்தமில்லாதவர். நீங்கள் படித்தது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வில் 1555ஆம் இடத்தில் வரும் ஒரு மாற்றம் பற்றியது. மைட்டோகாண்ட்ரியா தாய் வழியாக மட்டுமே வரும். ஆகவே அப்பாவைப் பொறுத்தவரை அவருடைய அம்மா, அந்த அம்மாவின் உடன்பிறந்தவர்கள், உங்கள் அப்பாவுடன் பிறந்தவர்கள், உங்கள் அத்தைகளின் பிள்ளைகள், இவர்களில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது போனதா என்று கேளுங்கள். உங்களுக்கு ஊசி போட வேண்டி வந்தால்தான் அம்மா வழி மாமா கணக்கில் வருவார். அதை உங்கள் கோப்பில் எழுதி வையுங்கள்.

விஷயம் இதுதான்: அமினோகிளைக்கோசைடு கிருமியின் ரைபோசோமில் 16எஸ் ஆர்.என்.ஏ.வின் ஒரு மடிப்பில் உட்கார்ந்து, அது புரதத்தைத் தப்புத் தப்பாகச் செய்ய வைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமும் பாக்டீரியா வம்சம்தான். அந்த ஒரு எழுத்து மாறினால் மடிப்பு கிருமியுடையதைப் போலவே ஆகிவிடும், மருந்து நம் காதுச் செல்லிலும் போய் உட்காரும். அவர்களுக்கு ஒரே டோஸில்கூடக் காது போகலாம். ஐரோப்பியர்களில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பச்சிளங்குழந்தையின் கன்னத்தில் பஞ்சால் தடவி 26 நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை பிரிட்டனில் பரிசோதித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரத்தத் தொற்று என்று சந்தேகப்படும் பிறந்த குழந்தைக்கு ஜென்டாமைசினை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும், அதனால் அந்த 26 நிமிடம்தான் அதில் சாதனையே.

நாழிகை

மருத்துவ வரலாறு படிக்கும் ஆள் நான், நடுவில் நுழைகிறேன். ‘80 வருடப் பழைய மருந்து’ என்று கேள்விக்குறி சலித்துக்கொண்டதால். 1943இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மன் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது, அது தனிச் சண்டை. பென்சிலின் தொட முடியாத காசநோய்க்கு அதுதான் முதல் மருந்து.

இந்த இழைக்குத் தேவையான பகுதி இது: பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், ஆறு மாதத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். எல்லோரும் இதை மட்டும் சொல்வார்கள். அதே சோதனையிலேயே பலருடைய கிருமி மருந்துக்குப் பழகிப்போனதும் தெரிந்தது. மாதக்கணக்கில் தனியாகக் கொடுத்ததன் விளைவு. தலைச்சன் பிள்ளையிடமே இந்தக் குடும்பத்தின் குணம் வெளிப்பட்டுவிட்டது. ஜென்டாமைசின் 1963, அமிகாசின் 1972, எல்லாம் அப்புறம்.

மீண்டவள்

காசநோய் பேச்சு வந்ததால். பல மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் கனாமைசின் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை நான். இடது காது முழுசாகப் போயிற்று, வலது காதில் கருவி. உயிர் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 2018க்குப் பிறகு உலக சுகாதார அமைப்பு கனாமைசினையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022இலிருந்து பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று மாத்திரையாகவே ஆறு மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். அமிகாசின் வேறு வழியில்லாதவர்களுக்கு மட்டும், அதுவும் காதுப் பரிசோதனை செய்துகொண்டே. ஊசிக்குப் பரிந்து பேசும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள், ஆரம்பிக்கும் முன்பே ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். பின்னால் எடுத்தால் எதோடு ஒப்பிடுவது?

ஐசியூ இரவு

முழுக்க ஏற்கிறேன். சில நாள் மட்டும் கொடுக்கும் இடத்தில் யாரும் ஆடியோகிராம் எடுப்பதில்லை, அது நடைமுறை உண்மை. ஒரு வாரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் எடுக்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஜென்டாமைசினைக் கிலோவுக்கு 7 மி.கி. ஒரே டோஸாகக் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் 2184 பேருக்குக் கொடுத்து 1995இல் எழுதினார்கள். சிறுநீரகச் சேதம் 1.2 சதவீதம். ஒற்றை டோஸின் வெற்றி என்று எல்லோரும் இதைக் காட்டுவார்கள். அந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து கொடுத்ததே மூன்று நாளோ அதற்கும் குறைவோதான், அதை யாரும் காட்டுவதில்லை. பெரிய டோஸ், குறைந்த நாள். இரண்டும் சேர்ந்துதான் அந்த 1.2. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினால் அந்த எண் நமக்குப் பொருந்தாது.

வெண்திரை

குறுக்கே ஒரு சந்தேகம், மருத்துவ மாணவன். என் நண்பனின் தாத்தாவுக்கு நுரையீரலில் சூடோமோனாஸ் என்ற கிருமி, அமிகாசின் ‘எஸ்’. கொடுத்தும் கேட்கவில்லை. ஏன் அப்படி?

நுண்ணோக்கி

‘எஸ்’ போட்ட லேப் தட்டில் சளியும் இல்லை சீழும் இல்லை, அதனால். ரத்தத்திலிருந்து இந்த மருந்து நுரையீரல் திரவத்துக்குள் குறைவாகவே போகும். மூளைத் தண்டுவட நீருக்குள் இன்னும் மோசம். சீழ்க்கட்டிக்குள் போனாலும் அங்கே அமிலத்தன்மை அதிகம், ஆக்சிஜன் குறைவு. கிருமிக்குள் மருந்து நுழைய ஆக்சிஜனை எரித்து உண்டாகும் மின்னழுத்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் மருந்து வெளியேதான் நிற்கும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் இந்தக் குடும்பத்துக்கு இயல்பாகவே அடங்காததும் இதனால்தான்.

2023 மாற்றத்தில் சூடோமோனாஸுக்கு ஜென்டாமைசினையே அட்டவணையிலிருந்து தூக்கிவிட்டார்கள். அமிகாசினுக்கு சிறுநீரிலிருந்து வந்த கிருமிக்கு மட்டும்தான் எல்லை கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாத்தாவின் சளிக் கல்ச்சருக்கு இன்றைய அட்டவணைப்படி ‘எஸ்’ என்று எழுதவே முடியாது.

ஐசியூ இரவு

நேராக மூச்சுக்குழாய் வழியே புகையாகக் கொடுப்பது தனிக் கதை. செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களுக்கு மூன்று நாள் அமிகாசினை அப்படிக் கொடுத்தபோது பின்னால் வரும் நிமோனியா 22 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது என்று 2023இல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று வந்தது. அது வருமுன் காப்பது. வந்த நிமோனியாவைப் புகையால் குணப்படுத்தும் முயற்சிகள் அவ்வளவு சோபிக்கவில்லை.

கேள்விக்குறி

சரி, கார்பபெனமும் வேலை செய்யாத கிருமி வந்தால்? அப்போதுதானே இந்தக் குடும்பத்தின் உண்மையான சோதனை?

நுண்ணோக்கி

அங்கேதான் வயிற்றெரிச்சல். கார்பபெனத்தைச் சிதைக்கும் என்.டி.எம். நொதி உள்ள கிருமிகளில் கணிசமானவை ஆர்ம்-ஏ, ஆர்எம்டி-பி போன்ற இன்னொரு மரபணுவையும் ஒரே பிளாஸ்மிடில் (கிருமிகள் கைமாற்றிக்கொள்ளும் டி.என்.ஏ. வளையம்) சுமக்கின்றன. இவை மருந்தைத் தொடுவதில்லை. மருந்து உட்காரும் ரைபோசோம் இடத்தில் மெத்தில் தொகுதி ஒன்றை வைத்து இருக்கையையே மாற்றிவிடும். ஜென்டாமைசின், டோப்ராமைசின், அமிகாசின் மூன்றும் ஒரே அடியில் அவுட். எம்ஐசி 256க்கு மேல் என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நொதிகளுக்குத் தப்பும்படி வடிவமைத்த பிளாசோமைசின் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் இந்த மெத்தில் விஷயத்தின் முன் கையைத் தூக்கிவிடும். அதைக் கண்டுபிடித்த அக்கேயோஜென் நிறுவனம் மறு வருடமே திவாலானது. புது ஆன்டிபயாட்டிக்கை அடக்கித்தான் பயன்படுத்த வேண்டும், அடக்கிப் பயன்படுத்தினால் விற்காது. கால்நடைகளுக்குக் கொடுக்கும் ஏப்ராமைசின் வடிவத்தில் வேறுபட்டது, அந்த மெத்தில் இருந்தாலும் உட்காரும். அதை மனிதர்களுக்குக் கொண்டுவரும் ஆய்வு நடக்கிறது.

வேப்பமரம்

தகவல் சொல்ல வந்தேன். எம்ஐசி 2. இடைவெளியைக் கேட்டதும் டாக்டர் கோபப்படவில்லை, அடுத்த டோஸை 36 மணி நேரத்துக்குத் தள்ளியிருப்பதைச் சீட்டில் காட்டினார். டைக்ளோஃபெனாக் எழுதியிருந்தது, அதை நிறுத்தி பாராசிட்டமால் ஆக்கினார்கள். இரண்டாவது டோஸுக்குப் பிறகு காய்ச்சல் இல்லை, ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. கிரியாட்டினின் 1.5. இனி எர்டாபெனம் கொடுத்து ஏழு நாளை முடிப்பதாகச் சொன்னார்கள்.

கேள்விக்குறி

ஆக, கடைசியில் எர்டாபெனம்தான். முதல் நாளே கொடுத்திருந்தால் 1.4 அப்படியே இருந்திருக்கும்.

ஐசியூ இரவு

0.1 என்பது லேபின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கும். முதல் நாள் கார்பபெனம் ஆரம்பிக்கும் பத்து பேரில் எத்தனை பேருக்குக் கல்ச்சர் வந்ததும் அதை இறக்குகிறோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு நோயாளியைப் பார்க்கிறீர்கள், நான் அடுத்த படுக்கையையும் பார்க்கிறேன். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

தராசு

வேப்பமரம், நல்ல செய்தி. கிரியாட்டினினை இதோடு விட்டுவிடாதீர்கள். இந்த மருந்தின் சேதம் பெரும்பாலும் ஐந்து, ஏழு நாள் கழித்துத்தான் எண்ணில் தெரியும். சிறுநீர் அளவு குறையாது, அதனால் வெளியே அடையாளம் எதுவும் இருக்காது. இரண்டு டோஸ் மட்டும் என்பதால் வாய்ப்பு குறைவு, ஆனாலும் வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் அமிகாசின் எத்தனை டோஸ், எந்தத் தேதி, எம்ஐசி எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு டாக்டர் பார்த்தால் இந்தக் குடும்பத்து மருந்து ஏற்கெனவே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

வேப்பமரம்

எழுதி வாங்கிவிடுகிறேன். அப்பாவை இருட்டில் நடக்க வைத்துப் பார்க்க வேண்டுமா, சுழல் அண்ணா?

சுழல்

இருட்டில் வேண்டாம், விழுந்துவிடுவார். வெளிச்சத்தில் நடந்துகொண்டே எதிரே உள்ள நாட்காட்டியைப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். எழுத்து குதிக்கிறது என்று சொன்னால் அன்றே காது மருத்துவரிடம் போங்கள்.